அதுக்கும் ஒரு சட்டமோ?

"அப்ப நான் இனிப் பொட்டை அழிக்கிறதோ?"

இத்தாலியில், பகேரியாவிலிருந்து பலேர்மோவுக்குப் போகும் காலை ரயிலில், எதிர் இருக்கையிலிருந்து கேட்ட குரல் அது. வீட்டு வேலைக்குப் போகும் யாழ்ப்பாணப் பெண்கள் இருவர். இளையவள் கைபேசியில் வந்த செய்தியை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள்.

"என்னக்கா கதைக்கிறியள்? ஐ.நா. மனித உரிமைச் சபைக்குக் காசு குடுக்கக்கூடாதெண்டு ஒரு பெரிய நாடு சட்டம் போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"காசில்லையெண்டால் விளங்கும். குடுக்கக்கூடாதெண்டு ஒரு சட்டமோ?"

"ஓமக்கா."

"சண்டை முடிய என்ரை மனுசனை ஆமியிட்டை என்ரை கையாலை ஒப்படைச்சனான். வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவிட்டை லீவு கேட்டு, பஸ்ஸிலை ஜெனீவாவுக்குப் போய்ச் சாட்சி சொன்னனான். விசாரிக்கிறம் எண்டவை. மாமி ஆக்கள் அவர் செத்திட்டாரெண்டு அந்தியேட்டி செய்யச் சொல்லிக் கரைச்சல் குடுக்கேக்கை, ஜெனீவாவிலையிருந்து பதில் வரட்டும் எண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தனான்."

நெற்றிப் பொட்டின்மேல் வைத்த விரலை மூத்தவள் எடுக்கவேயில்லை.

"அவர் செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, அக்கா."

"இல்லை. தேடவேண்டாமெண்டு மட்டும்தான் சொல்லினம்."