ஏசுபாதத்தின் கடை நிலைக்கு அடியில் வைத்த பொட்டு

பெயர் சம்பங்கி. தகப்பனார் குப்பன், காலமாகிவிட்டார். வயது அறுபது இருக்கலாம். எழுதி வைத்தவர் யாருமில்லை. தொழில் கொத்து மேஸ்திரி. சொந்த ஊர் வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் பக்கம். தற்போது கோலார் தங்க வயல் பாலகாட்டில் கூலி லைனில் குடியிருக்கிறேன். 1902ஆம் வருஷம் மாசி மாதத்தில், போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்க, நான் சொல்வதாவது:

மளிகை வியாபாரி ஏசுபாதம் என்பவருக்குப் புதிய கடைவீதியில் கடை கட்டிக் கொடுக்கும் வேலையை ஒப்புக்கொண்டேன். மங்கம்மா என்பவள் என்னிடம் சாந்து சுமக்கும் சித்தாள். அவள் புருஷன் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்கு வந்தாள்.

வாசல் நிலை நிறுத்தும் நாளில், நிலைக்கால் இறங்கும் குழியில் நவதானியம் போட்டு, குண்டுமணி அளவாவது தங்கம் வைக்க வேண்டும் என்று ஏசுபாதத்திடம் கேட்டேன். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். "சர்ச் ஐயரு வந்து ஜெபம் பண்ணிட்டாரு மேஸ்திரி. அதுக்கு மேல எங்க வீட்டுப் பொம்பளைங்க கம்மலையும் குழில போடணுமா? நான் இங்க உப்பு பருப்பு விக்கப் போறேன், கோயில் கட்டல" என்றார். வெறுங்குழியில் நான் நிலை நிறுத்தியது கிடையாது என்று சொல்லி, கரணையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வேலை நின்றுவிட்டது.

அதன் பிறகு மங்கம்மா தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, தாலிப் பொட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். இதை எதற்குக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "வெச்சிக்கினு இன்னா பண்றது? கட்டிக்கவும் முடியாது. விக்கப் போனா, தங்க வயல்ல உனக்கு ஏதுடி தங்கம்னு ஆசாரி போலீஸக் கூப்புடுவான். நாலு பேரு நடக்கற வாசல்ல கெடக்கட்டும்" என்றாள். தாலி அறுத்தவள் கொடுத்ததை வைக்கலாமா என்று நிலை செய்த தச்சர் கேட்டார். "கழுத்துல இருந்தப்ப நல்ல தங்கம், இப்ப மட்டும் இன்னா கெட்டுப் போச்சா?" என்று சொல்லி, நானே வாங்கிக் குழியில் வைத்தேன். ஏசுபாதம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு நிலையை நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, மேலே வளைவைக் கட்டினேன்.

நான் பொட்டை வாங்கிய நேரத்தில் தண்ணீர் குடிக்க வந்து நின்ற சுரங்கக் கம்பெனி காவல்காரன், மஞ்சளாக ஏதோ கைமாறியதைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்துவிட்டான். மறுநாள் மங்கம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுரங்கத் தங்கத்தைத் திருடினாள் என்று குற்றம். என்னை அழைத்துத் தங்கம் எங்கே என்றார்கள். அது அவள் தாலிப் பொட்டு, வைத்த இடத்தில் இருக்கிறது என்றேன். இடத்தைக் காட்டு என்றார்கள். என் சொல் போதாதா என்றேன். மேலும், வளைவில் பூசிய சாந்து இன்னும் ஈரம். நிலையை எடுத்தால் வளைவு இறங்கிவிடும். ஆகவே காட்டவில்லை.

அதன் பிறகு நான் இல்லாத நேரத்தில் போலீஸ் ஜவான்கள் கடப்பாரையுடன் வந்து, தென்மேற்குக் கன்னி மூலையில் இருக்கும் என்று நினைத்து அஸ்திவாரத்தைத் தோண்டியிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ் வரை வெடிப்பு விட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கிறார், சொல்கிறேன். மண்ணுக்குள் கருங்கல்லை இறக்கிக் கட்டுவது அஸ்திவாரம். அதற்கு மேல் முழங்கால் உயரம் எழுப்புவது பேஸ்மட்டம். அதன் மேல் நிற்கும் வாசல் மரம் நிலை. நிலைக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கச் செங்கல்லை வளைத்துக் கட்டுவது வளைவு. வளைவு விழாமல் மரம் கொடுத்துத் தாங்குவது முட்டு. பொட்டு இருப்பது அஸ்திவாரத்தில் அல்ல. உள்ளே நுழைபவரின் வலது கைப்பக்கம், நிலைக்காலுக்கு அடியில்.

இதை இப்போது சொல்லக் காரணம் கேட்டால், இன்று காலை ஸ்டேஷனில் மங்கம்மாவைப் பார்த்தேன். அவள் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார்கள். சுண்ணாம்பு தின்ற விரல் ஆனதால் ரேகை விழவில்லை, மை மட்டும் அப்பியது. திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். அதற்கும் அவளையே அதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்து, "இடிக்க உடாத மேஸ்திரி. இங்க கல்லு சுமக்காமலே கஞ்சி ஊத்தறாங்க, நான் இருந்துக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருக்க நியாயமில்லை.

ஆகவே நிலையைப் பெயர்க்கச் சம்மதிக்கிறேன். ஆனால் ஜவான்கள் தொடக் கூடாது. வளைவுக்கு முட்டுக் கொடுத்து, நானே பெயர்ப்பேன். மங்கம்மாவும் ஏசுபாதமும் கூட இருக்க வேண்டும். பொட்டின் வளையத்தில் மஞ்சள் கயிறு ஒரு துணுக்கு சிக்கியிருக்கும். அவள் அதை உருவவில்லை. சுரங்கப் பாறையிலிருந்து எடுத்த தங்கத்தில் மஞ்சள் கயிறு இருக்குமா என்று இன்ஸ்பெக்டரே பார்த்துக்கொள்ளட்டும். பார்த்த பிறகு பொட்டை அவள் கையில் கொடுத்து, அங்கேயே அவளை விட்டுவிட வேண்டும். அவள் சம்மதித்தால் அதே குழியில் திரும்ப வைப்பேன். கோலார் கோர்ட்டுக்குச் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோனால், அது திரும்பி வரும் வரை நிலை நிற்காது. ஏசுபாதத்துக்கும் இதைச் சொல்லிவிட்டேன். "எம் பேரையும் எழுதிக்கோ மேஸ்திரி, நானும் வந்து சொல்றேன். அது வரைக்கும் வாசல்ல கோணி கட்டியே யாவாரம் பண்ணிக்கறேன்" என்றார்.

எழுதியதை ரைட்டர் படித்துக் காட்டினார். நான் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்பதால், வாங்கி நானும் படித்தேன். ஓரிடத்தில் 'தங்கக் கட்டி' என்று எழுதியிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை. அதை அடித்து, 'மங்கம்மாவின் தாலிப் பொட்டு' என்று எழுதும் வரை கையெழுத்துப் போட மறுத்தேன். பிறகு திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்தும் அடியில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கு. சம்பங்கி
கொத்து மேஸ்திரி