பச்சை லைட்

— ஏலாது எண்டால் ஏலாது அம்மா. விடுங்கோ.

— லண்டன் பாராளுமன்றத்துக்குப் போற பெட்டிஷன், போனில பேரைத் தட்டிவிடுறதுதானே! மோர்டனில ரெண்டு பேரைப் பிடிச்சுத் தட்டுவிச்சனான். சொந்தப் பிள்ளை மாட்டன் எண்டுது.

— ஒரு வீடியோ கேமுக்கு அம்மா. சீரியஸா. ஆக்கள் விளையாடுறதில்லை, கொம்பனி சேர்வரை நிப்பாட்டுது, பிறகு ஒருத்தருக்கும் அது திறபடாது. அவங்களும் எவ்வளவு காலத்துக்குச் சும்மா ஓட்டுறது?

— காசு குடுத்தெல்லே வாங்கினது? வித்த சட்டியைக் கடைக்காரன் வீட்டுக்குள்ள வந்து தூக்கிக்கொண்டு போவானே?

— வித்தது சாமான் இல்லையாம். விளையாடுற அனுமதி மட்டும்தானாம்.

— அப்ப விக்கேக்க சொல்லியிருக்கோணும், ஒருநாள் பிடுங்குவம் எண்டு.

— நீங்கள் அதை ஒருநாளும் விளையாடினதே இல்லை.

— விளையாட ஆருக்கு நேரம்? காலமை அந்த விளையாட்டைத் திறக்கிறன். அபிஷன்ர பேருக்குப் பக்கத்தில பச்சை லைட் எரிஞ்சால் என்ர பிள்ளை எங்கயோ இருந்து விளையாடுறான். மூடிப்போட்டுச் சமைக்கப் போறன்.

— தம்பி போய் ரெண்டு வருஷம் அம்மா. அப்பாவோட சண்டை பிடிச்சு, எங்கள் எல்லாற்ர நம்பரையும் ப்ளொக் பண்ணிப்போட்டுப் போனவன். அவன் இருந்த ஹவுன்ஸ்லோ றூமில இப்ப வேற ஆரோ இருக்கினம்.

— ஓம். இந்த விளையாட்டில மட்டும் எங்களை வெட்ட மறந்துபோனான். அந்த மட்டில கடவுள் புண்ணியம்.

— பொலிசில சொல்லுவம் எண்டு எத்தினை தரம் கேட்டனான்?

— லைட் எரியிற பிள்ளையைக் காணேல்லை எண்டு போய்ச் சொல்லச் சொல்லுறியோ? விசரே உனக்கு?

— மாசக் கடைசியோட நிப்பாட்டட்டும் அம்மா. ப்ளீஸ். எனக்குக் களைச்சுப்போச்சு.

— அழுறியோ?

— இல்லை. அழுகையும் வருகுதில்லை, ஒண்டும் வருகுதில்லை. ஷிப்டுக்குப் போறன், வாறன், படுக்கிறன். அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். அந்த லைட்...

— சொல்லாதை.

— கேளுங்கோ அம்மா.

— நீ பாரிசுக்குக் கலியாணத்துக்குப் போன கிழமை முழுக்க அது எரியேல்லை, தக்ஷிகா. அவன்ர பேரில போய்த் திறக்கிறது நீதான் எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. எண்டாலும் நாளைக்கும் லைட்டைப் போடு, பிள்ளை.