ரத்தினம்மாவின் கொண்டை

காபி நன்றாக இருந்தது, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் அது என் நாக்கின் கருத்து. போட்டுக் கொடுத்த கான்ஸ்டபிளின் நாக்குக்கு அளவாகவே இருந்திருக்கும். இப்படிப் பேசித்தான் முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன்.

ரத்தினம்மா எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன். நீங்கள் நகரி பக்கத்துக்காரர், தமிழ் தெரிந்தவர் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் லக்ஷ்மிநரசிம்மன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தேன். எல்லோருக்கும் பொதுவான உண்மை என்று ஒன்று கிடையாது, அவரவர் இருக்கிற இடத்திலிருந்து தெரிவதுதான் உண்மை என்பது என் பாடம். மாணவர்கள் தூங்கினார்கள். அவர்கள் இருந்த இடத்திலிருந்து நான் தாலாட்டாகத் தெரிந்திருப்பேன்.

ஓய்வு பெற்றபின் எங்கள் பஜனை கோஷ்டி புரட்டாசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போடும் பந்தலில் சேர்ந்துகொண்டேன். மலையிலிருந்து இறங்கிவருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்போம். கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிட்டுச் சேர்த்துவைப்போம். தமிழ் அறிவிப்பு என்னுடையது. எனக்கு நல்ல குரல். இதை இதுவரை நான் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

முந்தின வருடத்துக்கு முந்தின புரட்டாசியில், ஒரு நாள் காலை, அந்தம்மா வந்து என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் முடி கொடுத்த தலை, அதில் சந்தனம். யாரோ புண்ணியவதி குளிப்பாட்டிச் சுற்றிவிட்ட மஞ்சள் புடவை.

"எங்கடா போய்ட்ட கிஷோரு? உன்னத்தான் தேடிக்கினு கீறேன். பசிக்குதுடா நைனா, எதுனா துன்னலாமா?"

எனக்கு அறுபத்திரண்டு வயது. அவள் எழுபதைத் தாண்டியவள். எட்டு வயதில் என்னைப் பெற்றிருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. எனக்கும் வஸுமதிக்கும் குழந்தை இல்லை, மேடம். அவ்வளவு உறுதியாக என்னை யாரும் எதுவாகவும் நம்பியதில்லை. பொங்கல் வாங்கிக் கொடுத்தேன். வெயிலாக இருந்தது. வீட்டில் கொஞ்சம் படுக்கட்டும், பிறகு அறிவிக்கலாம் என்று ஆட்டோவில் அழைத்துப்போய் விட்டுவந்தேன். இதுவரை நான் செய்தது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மத்தியானம் கிஷோர் வந்தான். பாலசமுத்திரத்தில் விவசாயம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மாவுக்கு மறதி, சாமி. மேல ஒரு எடத்துல ஒக்கார வச்சிட்டு லட்டு வாங்கினு வரேன்னு போனேன். வந்து பாத்தா ஆள காணோம்." போனில் படம் காட்டினான். அரக்குப் புடவை, நரைத்த பெரிய கொண்டை, அதில் கனகாம்பரம். மூக்குத்தி மட்டும் காலையில் நான் பார்த்த அதே மூக்குத்தி.

வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தேன். பிறகு, "இப்படிக் கொண்டை போட்ட அம்மா யாரும் இங்க வரலையேப்பா" என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? மைக்கிலும் குரல் நடுங்காமல் அறிவித்தேன். அரக்குப் புடவை, நரைத்த கொண்டை, பாலசமுத்திரம் ரத்தினம்மா எங்கிருந்தாலும் வரவும். அப்படி ஒருத்தி அன்றைக்குத் திருப்பதியிலேயே இல்லை.

வஸுமதி மட்டும் விடவில்லை. "இவ பெத்த பிள்ளை எங்கயோ தேடிண்டிருக்கும். போலீஸ்ல சொல்லிடுங்கோ" என்றாள். சொல்லிவிட்டேன், யாரும் தேடி வரவில்லை என்றேன். இது ஒன்று நேரடிப் பொய், ஒப்புக்கொள்கிறேன். அவளை இதில் சேர்க்காதீர்கள். அவள் செய்ததெல்லாம் அந்தம்மாவுக்குத் தினமும் வெந்நீர் வைத்ததுதான்.

முடி வளரும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. தத்துவம் படித்தவனுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் மலைக்கு அழைத்துப்போய் மறுபடி முடி கொடுக்க வைத்தேன். வேண்டுதல் என்று வஸுமதியிடம் சொன்னேன். அப்புறம் வளர வளர அதையே செய்தேன். அந்தம்மா ஒவ்வொரு முறையும் கையைக் கூப்பிக்கொண்டு உட்காருவாள். பெருமாளுக்கு அவளைப் போல முடி கொடுத்தவர்கள் குறைவு. புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில்தான் சங்கடம். "கருவாட்டுக் கொழம்பு துன்னு எத்தினி நாளாச்சுடா" என்பாள். உண்மை இடத்துக்கு இடம் மாறும் என்ற என் பாடம் எங்கள் சமையலறையில் செல்லவில்லை. அதனால் வாரம் ஒருமுறை ரோஜாவின் மெஸ்ஸுக்கு அழைத்துப்போவேன். நான் நாமத்தோடு எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன், அவள் சாப்பிடுவாள்.

"உங்கம்மா வெளுத்துக்கட்றாங்க, நீ மூக்கப் பொத்திக்கினு கீற. எந்த ஊரு புள்ள சாமி நீ?" என்று ரோஜா சிரிப்பாள்.

போன வருடப் புரட்டாசியில் கிஷோர் போஸ்டர்களோடு வந்தான். அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தது நான். பஸ் ஸ்டாண்டு சுவரில் அவன் ஒட்ட, பசை வாளியை நான் பிடித்துக்கொண்டேன். அவன் அம்மா அப்போது இரண்டு தெரு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் நீர்மோர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்.

"நெஜத்த சொல்லுங்க சாமி. எங்கம்மா உசுரோட கீறாளா?"

"உன் மனசு என்ன சொல்றதோ அதுதான்ப்பா நிஜம்" என்றேன்.

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். முப்பது வருடத்தில் என் பாடத்தைக் கேட்டு அழுத ஒரே ஆள் அவன்தான்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். அவன் அக்கா மகன் யஸ்வந்த், ஆயா ஒருவேளை முடி கொடுத்திருப்பாளோ என்று, போனில் இருந்த படத்தில் கொண்டையை எடுத்துவிட்டு மொட்டை போட்டான். நேற்று அந்தப் புது போஸ்டரை மெஸ் வாசலில் ஒட்டப்போனபோது, "இது நம்ம நாமக்கார சாமியோட அம்மா இல்ல?" என்று ரோஜா கேட்டிருக்கிறாள். ஒரு தட்டுக் கருவாட்டுக் குழம்பு என்னைக் காட்டிக்கொடுத்தது. அது ஒன்றைத்தான் எந்தக் கணக்கும் போடாமல் அவளுக்காகச் செய்தேன்.

கிஷோர் வெளியே பெஞ்சில் புதுப்புடவைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறான். பார்த்தேன். அவள் என் வீட்டில் இருக்கிறாள் என்று நினைக்கிறான்.

இந்த வருட ஆடியில் வஸுமதி சித்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று காலை காபியை நீட்டினேன். ரத்தினம்மா வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ யாரு சாமி? எம்புள்ள எங்க?"

"நான்தாம்மா கிஷோர்" என்றேன்.

"இல்ல" என்றாள். கோபமே இல்லை. "நான் பாலசமுத்திரம் போவணும். பஸ்ஸு ஏத்தி வுடு சாமி, உனக்குப் புண்ணியமா போவும்."

பஸ் ஸ்டாண்டு இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்து பார்த்தால் உண்மை எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெளியே வண்டிகள் அதிகம். அவள் கதவருகே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கிஷோர் என்று கூப்பிடவில்லை. என் கையால் சாப்பிடவும் இல்லை. வஸுமதி திரும்பி வந்து ஊட்டியபோதும் வாயை மூடிக்கொண்டாள். வயதாகிவிட்டது என்று வஸுமதி அழுதாள். நான் திருத்தவில்லை. ஆவணி பிறந்ததும் போய்விட்டாள். கொள்ளி நான்தான் வைத்தேன். மயானத்தில் உறவு கேட்டார்கள், மகன் என்றேன்.

எழுதிக்கொண்டீர்களா? கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். அந்தப் பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பட்டினியாகக் கிடந்தாள், கதவு பூட்டியிருந்தது என்பதெல்லாம் எதற்கு? அவன் அம்மா பிள்ளையின் மடியில்தான் உயிரை விட்டாள் என்று சொல்லுங்கள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பொய் இல்லை.