பூச்சிக்குள் ஒரு பாலம்

— நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க டிரைவர் சார், இந்தப் பாலத்தை அழிச்சது யாரு?

— எந்தப் பாலம் டாக்டரம்மா? உன் ஆய்வுக்கூடத்துச் சுவர் முழுக்கப் பாலம்தான். ஆடு, பூனை, மனுஷன், பூச்சின்னு நாலு படத்துக்கும் கலர் அடிச்சதுல என் பத்து விரலும் பச்சைக்கிளி ஆயிடுச்சு.

— கட்டின புருஷனாச்சேன்னு கலர் அடிக்க விட்டேன் பாருங்க! பூச்சிப் படத்துல செடிச் சாறு உள்ளே போகுது, படிப்படியா மாறி இங்கே வரைக்கும் வருது. சத்தா மாறுற கடைசிப் படிக்கான பாலத்தைக் காணோம், ரப்பர் தடம்தான் இருக்கு. நாலு மணிக்கு நான் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியாகணும். தனக்கு வேண்டிய சத்தையெல்லாம் இந்தப் பூச்சி தானே செஞ்சுக்குதுன்னு பதினோரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். பொய்யின்னு ஆச்சுன்னா என் பேரு நாறிடும்.

— முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். மூடுபனியில தூங்கிட்டே மூணு மாவட்டம் தாண்டியிருக்கேன். பயணிங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க.

— அடேங்கப்பா.

— சரி, ரெண்டு மாவட்டம்னு வச்சுக்கோ. முந்தாநாள் இந்தச் சுவரைப் பார்த்துட்டே கண்ணு சொக்கிடுச்சு. ஆட்டுக்குள்ள பஸ் ஓட்டுறேன். விட்டமின் சி வரைக்கும் வெண்ணெய் மாதிரி ரோடு! அதே ரூட்ல மனுஷனுக்குள்ள வந்தா, கடைசிப் பாலம் இடிஞ்சு கெடக்கு.

— நம்ம மூதாதைங்க பழமா தின்னு தீர்த்தவங்க. வாயில விழுறதை உள்ளே எதுக்குச் செய்யணும்? வழி கெட்டுப்போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தலைமுறை தலைமுறையா புல் மூடிடும்.

— அதுசரி, அது விட்டமின் சி. பூச்சிக்குள்ள நீ தேடுற இந்த வேற சத்துக்கான பாலம் ஆட்டுக்கு இல்லை, பூனைக்கு இல்லை, நமக்கும் இல்லை. கடுகு சைஸ் பூச்சிக்கு மட்டும் எவன் கட்டிக் கொடுத்தான்?

— அதுதானே என் கண்டுபிடிப்பே! நூறு பூச்சியைக் கழுவி அரைச்சுப் பார்த்தேன், இருந்துச்சு.

— வெளியே கழுவின. உள்ளே எவனாவது குடியிருந்தா?

— அதுக்குத்தான் பூச்சி வளர்க்கிற டப்பாக்கள்ல ஏழாவதுக்கு மட்டும் கிருமியைக் கொல்ற மருந்து கலந்து கொடுத்தேன்.

— அதுங்க என்ன ஆச்சு?

— செத்துப்போச்சு. வெயில்லதான். ஜன்னலோரம் வச்சிருந்தேன். நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கேன்.

— ஆறாம் டப்பா எங்கே இருந்துச்சு?

— அதுக்குப் பக்கத்துல.

— அதுங்களும் போயிடுச்சா?

— இல்லை. குட்டி போட்டுக் குடும்பமா இருக்கு.

— ம்.

— என்ன 'ம்'? ஐயோ... பாலம் பூச்சியோடது இல்லைங்க. உள்ளே இருக்கிற கிருமியோடது. இது அதுக்கு வீடும் சர்க்கரையும் கொடுக்குது, அது இதுக்குச் சத்து செஞ்சு கொடுக்குது. கோடிக்கணக்கான வருஷமா இன்னொண்ணு செஞ்சு கொடுக்கிறதைத் தான் செய்ய ஒவ்வொண்ணா மறந்து மறந்து, இப்போ பூச்சி படத்தையும் கிருமி படத்தையும் ஒட்டினாத்தான் ஒரு உயிர். நான் ஒண்ணுன்னு வரைஞ்சுட்டேன்!

— நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கு.

— அனுப்பலை. வெயில்னு எழுதினப்பவே கை கூசுச்சு. நல்லவேளை நீங்க அழிச்சீங்க. எப்படிங்க தெரிஞ்சுது உங்களுக்கு?

— எனக்கு என்ன தெரியும்? இதுல ஒரு சொட்டுகூட நான் கூட்டிச் சொல்லலைம்மா. நேத்து மத்தியானம் இந்த நாற்காலியில தூங்கிட்டு இருந்தியே, கண்ணைத் திறக்காமலே எழுந்து வந்து, நீயேதான் அழிச்சுட்டுப் போய்ப் படுத்த.