குரல் குடுத்துட்டுப் பறி

செருப்பைக் கழட்டாதேம்மா, அப்படியே வா. பின்பக்கம் முழுக்க மண்ணுதான். கறிவேப்பிலைதானே, ஒரு கொத்து என்ன, ரெண்டு கொத்தாவே பறிச்சுக்க. ஆனா ஒண்ணு. வாசல் கேட்டுகிட்ட நின்னுக்கிட்டு ஆன்ட்டி ஆன்ட்டின்னு முணுமுணுத்தியே, அது என் காதுல விழவே இல்லை. ஏதோ பக்கெட்டை எடுக்க வந்தேன், பாத்தேன். இல்லேன்னா திரும்பிப் போயிருப்பே. சத்தமாக் கூப்பிடணும். தெருவே திரும்பிப் பாக்கட்டுமே, நமக்கென்ன.

பேரு என்ன சொன்னே? லிசியா. நான் அனுசுயா. ஆன்ட்டின்னே கூப்பிடு, அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லை. பின்னாடி ஃபிளாட்டுக்குப் புதுசா வந்தவங்கதானே நீங்க? ரெண்டாவது மாடில பச்சை ஸ்க்ரீன் போட்டிருக்கே, அதா? நினைச்சேன். அங்க முன்ன வேலம்மாள்னு ஒருத்தங்களோட ஓட்டு வீடு இருந்துச்சு. வித்துட்டு மக வீட்டோட போயிட்டாங்க. அந்த வீடு இருந்தவரைக்கும் எங்க கொல்லையில நின்னா ராஜகோபுரம் தெரியும். இப்ப உங்க பாத்ரூம் குழாய்தான் தெரியுது. அட, சும்மா சொன்னேன்ம்மா. நீயா கட்டினே அதை.

மெதுவா வா. நானும் மெதுவாத்தான் நடப்பேன். காலா? ஒண்ணுமில்லை, ப்ளேட் வச்சிருக்காங்க உள்ளே. அதை அப்புறம் சொல்றேன். மொதல்ல தோட்டத்தைப் பாரு.

தோட்டம்னு நான்தான் சொல்லிக்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. எல்லாம் மாசில வச்சது. தையிலயே வச்சிருக்கணும், அப்ப நான் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டிருந்தேன். இந்தா, குச்சி மாதிரி நிக்குதே, அது முருங்கை. கிளையை வெட்டி நட்டது. பாரு, கணுவுல துளிர் விட்டிருக்கா? பங்குனி வெயில்ல கருகிடுமோன்னு தினம் மூணு வேளையும் வந்து பாக்குறேன். இது மருதாணி. அது பவழமல்லி, இன்னும் முழங்கால் உசரம்கூட வரலை. இந்தத் தொட்டியில கற்பூரவல்லி. குழந்தை இருக்கா உனக்கு? சளி பிடிச்சா வந்துடு. இருமல் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே முந்தாநாள், அது உன் குழந்தையா?

செவுத்தோரமா குமிச்சுக் கெடக்குதே டைல்ஸ், அதெல்லாம் இந்தக் கொல்லையில போட்டிருந்ததுதான். எங்க வீட்டுக்காரர் போனதும் எம்மவன் இளவரசன் பூனாவிலேருந்து வந்தான். அம்மா குனிஞ்சு குனிஞ்சு சருகு கூட்டுது, முதுகு போயிடும்னு, இருந்த மரம் மட்டையெல்லாம் வெட்டிட்டு, பளபளன்னு டைல்ஸ் போட்டுக் குடுத்துட்டுப் போனான். பாசத்துலதான் செஞ்சான், அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கொல்லை எப்படி இருக்கும்ங்கிறே? விடிஞ்சா போதும், யாராவது ஒருத்தர் நிப்பாங்க. அக்கா, பூசைக்கு நாலு பூ பொறுக்கிக்கட்டுமா. அத்தை, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறோம், ஒரு கை மருதாணி. வேலம்மாள் இருக்காங்களே, ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு வந்துட்டு, தெருக்கதை பூராவும் சொல்லிட்டு, கறிவேப்பிலையை மறந்துட்டுப் போவாங்க. அப்புறம் அதுக்குன்னு மறுபடி வருவாங்க. எனக்கு எரிச்சலாத்தான் இருக்கும். அடுப்புல பால் பொங்குதுக்கான்னு பொய் சொல்லிட்டு உள்ளே ஓடியிருக்கேன்.

டைல்ஸ் போட்டாச்சு. சருகும் இல்லை, ஆளும் இல்லை. எதுக்கு வருவாங்க, நீயே சொல்லு. பக்கத்து வீட்டுல போயி சர்க்கரை குடு, காப்பித்தூள் குடுன்னு இப்பல்லாம் யாரு கேக்குறா? கடையே வீட்டுக்கு வருது. கூச்சமில்லாம கேக்கலாம்னா அது கறிவேப்பிலையும் மருதாணியும்தான். அது ரெண்டும் இல்லாத வீட்டுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க.

அதான் மருதையைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். கொத்து வேலைக்காரரு, வையம்பட்டிப் பக்கம். டைல்ஸ் ஒட்டித்தான் எனக்குப் பழக்கம், நல்ல டைல்ஸை உடைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்க்கா, மவனுக்குத் தெரியுமான்னாரு. தெரியாது, நீங்க உடைங்கன்னுட்டேன். இன்னி வரைக்கும் தெரியாது. வீடியோ கால்ல வந்தான்னா ஹால்ல சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டேனே. பேத்துப் பாத்தா மண்ணு சாம்பல் மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஒரு மண்புழு இல்லை. மருதைதான் பாவப்பட்டு ஊருலேருந்து ஆட்டுப்புழுக்கை மூட்டை கட்டிக்கிட்டு பஸ்ல வந்தாரு. பஸ்ல எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். போன வாரம் கிளறினப்ப ஒரு புழு நெளிஞ்சுச்சு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. இப்ப உன்கிட்ட சொல்லிட்டேன்.

என்ன கேட்டே? ஆமா, முன்பக்கம் ஒண்ணுமே வைக்கலை. ஒரு செம்பருத்திகூட இல்லை. கேட்டுகிட்ட வச்சா வாக்கிங் போறவங்க கம்பிக்குள்ள கைய விட்டுப் பறிச்சுட்டுப் போயிக்கிட்டே இருப்பாங்க. வேணும்னா உள்ளே வரட்டும். கேட்டுக்குப் பூட்டு கிடையாது. சும்மா தள்ளினா திறந்துக்கும். வந்து, ஆன்ட்டின்னு ஒரு குரல் குடுத்துட்டு, நான் ம்னு சொன்னதும் பறிக்கணும். அவ்வளவுதான் சட்டம்.

இந்தா, இதான் கறிவேப்பிலை. எதுக்கு இவ்வளவு உள்ளே தள்ளி, துவைக்கிற கல்லுகிட்ட வச்சிருக்கீங்கன்னுதானே பாக்குறே? துவைக்கிற தண்ணி பாயட்டுமேன்னு வச்சுக்கயேன். சின்னதா இருக்கேன்னு தயங்காதே. நர்சரிக்காரர்கிட்ட இருந்ததுலயே பெரிய கன்னா எடுத்துட்டு வந்தேன். இலையா உருவக் கூடாது, நுனியோட கொத்தா ஒடி. ஒடிக்க ஒடிக்கத்தான் பக்கத்துல கிளைக்கும். தினம் ஒரு கொத்து எடுத்தாலும் தாங்கும். விளக்கு வச்சப்புறம் மட்டும் செடியில கை வைக்கக் கூடாது. அதனால காலையிலயே வந்துடு.

கன்னா? அது மட்டும் கேக்காதேம்மா. பால்கனில தொட்டியில எல்லாம் வராது இது. வேரு வட்டம் போட்டுக்கும், எறும்பு வரும். ஆமா, யூடியூப்ல காட்டுவாங்க. எம்மவனும் அப்படித்தான், எல்லாத்துக்கும் ஏதாவது ஒண்ணு பாத்து வச்சிருப்பான். இப்ப கேமரா மாட்டித் தரேன்ங்கிறான், பூனாலேருந்தே பாத்துக்குவானாம். வேணாம்டான்னுட்டேன். மாட்ட ஆளு வந்தா கொல்லையைப் பாத்துடுவாரே. நான் கஞ்சம்னு நினைச்சுக்காதே. இலை எவ்வளவு வேணாலும் எடுத்துக்க, முருங்கை தழைச்சதும் கீரை எடுத்துக்க, கன்னு மட்டும் குடுக்க மாட்டேன். குடுத்துட்டா நீ எதுக்கு இங்க வரப்போறே?

சரி, கால் என்னாச்சுன்னு கேட்டேல்ல. ஐப்பசில நல்ல மழை. சாரல் அடிச்சு டைல்ஸ்ல பாசி பிடிச்சிருந்துச்சு, நான் கவனிக்கலை. இப்ப நீ நிக்கிறியே, அதே இடம்தான். பக்கெட்டோட வழுக்கி விழுந்தேன். தொடை எலும்பு போயிடுச்சு, அசைய முடியலை. மேல தகரம் போட்டிருக்கு பாரு, உங்க மாடியிலேருந்து எட்டிப் பாத்தாலும் தெரியாது. ஃபோன் உள்ளே சார்ஜ்ல அடிச்சு அடிச்சு ஓயுது. இளவரசன்தான். அம்மா கோயிலுக்குப் போயிருக்கும்னு நினைச்சானாம். உங்க ஃபிளாட்டுல குக்கர் விசில் அடிக்கிறது கேக்குது, யாரோ ஈரத்துணியை உதறுறது கேக்குது. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. நான் கூப்பிட்டதுதான் அங்க கேக்கலை. நீ அப்ப வரலையேம்மா, உன்னைச் சொல்வேனா.

அன்னிக்குக் காலையில விழுந்தவ. மறுநாள் விடிஞ்சதும் பால் போடுற தம்பி வந்தான். கேட்டுல பை மாட்டியிருக்கு, மொத நாள் பாக்கெட் அதுல அப்படியே கெடக்கு. அதுமேலயே இன்னொண்ணைப் போட்டுட்டுப் போயிட்டான். அவன் மேல தப்பில்லை. அவனுக்கு என்கிட்ட ஆக வேண்டியது ஒண்ணுமில்லையே.

கடைசியில சிலிண்டர்காரர்தான் வந்தாரு. ஓடிபி சொன்னாத்தானே அவரு கிளம்ப முடியும்? அக்கா ஓடிபி, அக்கா ஓடிபின்னு கத்திக்கிட்டே வீட்டைச் சுத்திப் பின்பக்கம் வந்துட்டாரு. அவரைப் பாத்ததும் நான் மொதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? ஃபோன் உள்ளே இருக்குங்க, பாத்துச் சொல்றேன்னேன்.

சிரிச்சுக்க, பரவாயில்லை. எனக்கே சிரிப்புதான் வரும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ஒருத்திக்கு ஒரு சிலிண்டர் மாசக்கணக்குல வருது. கறிவேப்பிலைன்னா தினம் வேணுமில்ல.

அட, எதுக்கு இப்ப மூஞ்சியை இப்படி வச்சுக்கிறே? போ, போ, அடுப்புல பருப்பு இருக்குன்னு சொன்னியே. தவக்காலம்தானே உங்களுக்கு, நாளைக்கும் கறி மீன் கிடையாதுல்ல? ரசம் வை. ரசத்துக்கும் ஒரு கொத்து வேணும். வந்து குரல் குடு. நான் பதில் சொல்லலேன்னா, தூங்குறாங்கன்னு மட்டும் திரும்பிப் போயிடாதே. நேரா இங்க வந்து பறிச்சுக்க.