பின் சீற்றுப் பாடம்

எழுப்பாதேங்கோ தம்பி, மகன் விடியத்தான் கண்ணயர்ந்தவன். நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டிலை நிக்க வேணும், இண்டைக்காவது படுக்கட்டும். நீங்கள் அவன்ர சொலிசிற்றர், அவனோடைதான் கதைக்க வேணும், அது விளங்குது. முதல் என்னோடை கொஞ்சம் கதையுங்கோ. நானும் அந்தக் காருக்குள்ளைதானே இருந்தனான். தேத்தண்ணிக்குச் சீனி போட்டிட்டன், பறவாயில்லையே?

ஓம், உந்தக் கடுதாசியிலை என்ன கிடக்கெண்டு தெரியும். எனக்கு வாசிக்க வராது, அவன்தான் வாசிச்சுக் காட்டினவன். கீர்த்தனன், வயது பதினேழு, தேப்பனைக் காராலை இடிச்சு இடுப்பெலும்பை உடைச்சவன். தேப்பனும் ஆசுப்பத்திரிக் கட்டில்லை கிடந்துகொண்டு அப்பிடித்தான் சொன்னவர், மகன் வேணுமெண்டு இடிச்சவன் எண்டு. மகனும் ஓம் நான்தான் எண்டிட்டான். கறிக்கு உப்புக் கூடவோ குறையவோ எண்டதிலைகூட ஒத்துப்போகாத ரெண்டு பேர் தம்பி. இதிலை மட்டும் ஒரே கதை.

என்னையும் விசாரிச்சவையோ எண்டோ? பொலிஸ் பெட்டை ஒண்டு போனிலை தமிழ் கதைக்கிற ஆளைப் பிடிச்சுத் தந்தவ. எங்கை இருந்தனியள் எண்டு கேட்டினம். பின் சீற்றிலை எண்டன். பொய்யில்லை, அவை வரேக்கை நான் அங்கைதான் இருந்தனான்.

அவன் கார் ஓடப் பழக, லெசனுக்கு ஆள் பிடிப்பம் எண்டு நான் சொன்னனான். ரெய்னர்ஸ் லேனிலை ஞானேஸ்வரன் எண்டொரு அண்ணை நல்லாப் பழக்கிறவராம். இவருக்குக் கோவம். தனக்குத் தெரியாத ட்ரைவிங்கோ எண்டார். ட்ரைவிங் ரெஸ்ற்றை அஞ்சாம் முறைதான் பாஸ் பண்ணின மனிசன். பிறகென்ன, ஒவ்வொரு ஞாயிறும் விடிய ஏழு மணிக்கு, பூட்டின கார்ப்பெற் கடைக்குப் பின்னாலை இருக்கிற கார் பார்க். எல் போர்ட்டை ஒட்டிக்கொண்டு மூண்டு பேரும் போவம்.

நான் ஏன் போறது எண்டோ? நான் இருந்தால் அவற்ற கை கொஞ்சம் குறையும் எண்டு நினைச்சன். வீட்டிலை என்னிலை ஆறுற கைதானே.

தொடங்க முதல் ஒரு ஒழுங்கு இருக்கு, கோயில்லை ஐயர் சொல்லுற மாதிரி. சீற்றைச் சரியாக்கு. கண்ணாடியைப் பார். பெல்ற்றைப் போடு. கிளச்சை முழுக்க அமத்து. சாவியைத் திருப்பு. ஃபர்ஸ்ற் போடு. திரும்பவும் கண்ணாடியைப் பார். பிரேக்கை விடு, கிளச்சை மெல்ல மெல்ல விடு. ஒண்டு பிசகினால் ஒரு குட்டு. விரல் முட்டியாலை, இடப்பக்கக் கன்னப்பொறியிலை. கண்ணாடி பாக்கேல்லை எண்டால் ரெண்டு. பாக்காமல் எடுத்தால் ஆளைச் சாக்காட்டிப்போடுவாய் எண்டு சொல்லிச் சொல்லிக் குட்டுவார்.

நாலாம் ஞாயிறு உள்ளங்கையை விரிச்சுக் காதோடை ஒண்டு குடுத்தார். பலூன் வெடிச்ச மாதிரிக் கேட்டது எனக்கு. பிள்ளை கியரை மாத்தினவன். அடுத்த நாள் பாத்தால் தலையணையிலை ரத்தம். காதுச் சவ்வு கிழிஞ்சிட்டுதாம். டொக்டருக்குப் பந்து பட்டது எண்டு சொல்லிப்போட்டான்.

அதோடை அந்தக் காது கேக்காது. தேப்பன் இருக்கிறது அந்தப் பக்கம். லெஃப்ற் எண்டுவார், எஞ்சின் இரைச்சலோடை இவனுக்கு விளங்காது, நேரை போவான். அடி. அடிச்சதாலை கேக்கேல்லை, கேக்காததாலை அடி. அவனுக்கு அந்தக் காது கேக்காதப்பா எண்டு பின்னாலை இருந்து சொன்னன். நடிக்கிறான் எண்டார். திரும்பிப் பாக்காமலே புறங்கையை எறிஞ்சவர். இந்தப் பல்லைப் பாருங்கோ, இது அதுக்குப் பிறகு கட்டினது.

எட்டாம் ஞாயிறு நில்லு எண்டது கேக்காமல், மூலையிலை இருக்கிற கொங்கிறீற் தூணிலை கொண்டுபோய் முட்டினவன். கார் சப்பளிஞ்சுது, தூண் அசையவே இல்லை. அண்டைக்கு வீட்டை வந்து இடுப்பு வாராலை. நான் குறுக்கை போய் விழுந்தன், எனக்கும்தான்.

ஒன்பதாவதுதான் இது. கார் பார்க் நடுவிலை எஞ்சின் நிண்டுபோச்சு. திரும்ப எடுத்தான், திரும்ப நிண்டுது. மூண்டாம் தரமும் நிக்க, இவர் குனிஞ்சார். ஸ்ரியறிங்கைப் பூட்டுற இரும்பு இருக்கெல்லோ, என்ர கை நீளம், அதை எடுத்தார். முதல் அடி தோளிலை. பிள்ளை கதவைத் திறந்து ஓடினவன். ஓடி எங்கை போறது? மூலையிலை அந்தத் தூணுக்கும் மதிலுக்கும் இடையிலை பூந்திட்டான்.

இவர் நடந்துதான் போனார். முழங்கால் நோ, ஓடமாட்டார். ஆறுதலா நடந்து போய், தூணுக்கு இஞ்சாலை நிண்டு, இடைவெளிக்குள்ளை இரும்பை விட்டு அடிச்சார். தலையிலை பட்டது காருக்குள்ளை கேட்டது தம்பி. பிள்ளை அழேல்லை. ஒவ்வொரு அடிக்கும் சொறி அப்பா, சொறி அப்பா எண்டவன். பிறகு சொறி மட்டும். பிறகு அதுவும் இல்லை.

கத்தினனான். ஞாயிறு விடிய ஆர் வாறது? என்ர போன் அவற்ற பொக்கற்றுக்கை.

அப்பதான் கார் போனது. போய் அவரைத் தூணோடை வைச்சு அமத்திச்சுது. இரும்பு பொனற்றிலை விழுந்து உருண்டது. திரும்பிப் பாத்தார். பாத்த பிறகுதான் கத்தினவர்.

ஓம், நீங்கள் கேக்கிறது சரி. தூணுக்குப் பின்னாலை கிடந்தவன் எப்பிடிக் காருக்கு வந்தவன்? குனிஞ்சு ஓடி வந்து ஏறினனான் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். கெட்டிக்காரன்.

பொலிஸ் எடுத்த படங்கள் கொண்டந்தனியளோ? ட்ரைவர் கதவு திறந்து கிடக்கிற படம் ஒண்டு இருக்கும். அதுதான். சீற்றைப் பாருங்கோ. ஸ்ரியறிங்கோடை ஒட்டினமாதிரி நிக்குது. அவன் ஆறடி தம்பி. அவன்ர முழங்கால் அதுக்குள்ளை போகுமோ?

நான் நாலடி பத்து.

அவன் அங்காலை இருந்து ஊர்ந்து வந்து, என்னைப் பிடிச்சிறக்கிப் பின்னாலை இருத்தி, பெல்ற்றும் மாட்டிவிட்டவன். கண்ணுக்குள்ளை ரத்தம் வடியுது. அம்மா வாயைத் துறக்காதேங்கோ, ஜெயில் உங்களுக்கு ஏலாது எண்டான். பொலிசைக் கூப்பிட்டதும் அவன்தான். எல்லாம் யோசிச்சவன், சீற்றைப் பின்னுக்குத் தள்ள மறந்துபோனான்.

அவரோ? நேருக்கு நேர் பாத்தவர்தானே. மகன் இடிச்சவன் எண்டால் சனம் பாவம் எண்டு சொல்லும். பெண்டாட்டி இடிச்சவள் எண்டால் கோயிலுக்குப் போகேலுமோ அவராலை?

நான் ஒரு நாளும் கார் ஓடினதில்லை. ஒன்பது ஞாயிறு காதாலை கேட்டதுதான். முன்னுக்கு ஏறி, கீழை இருக்கிற கம்பியை இழுத்துச் சீற்றைக் கொண்டந்தன். கண்ணாடி பாத்தன். பெல்ற் போட்டன். கிளச், சாவி, ஃபர்ஸ்ற், திரும்பக் கண்ணாடி. எனக்கு எஞ்சின் ஒருக்காலும் நிக்கேல்லை. தூண் காரை நிப்பாட்டும், பிள்ளைக்கு ஒண்டும் வராது எண்டும் தெரியும், போன கிழமை பாத்தனான்தானே.

அவன் எழும்ப முதல் எழுதிப்போடுங்கோ, எழும்பினால் விடமாட்டான். நான் கையெழுத்து வைப்பன், பேர் மட்டும் எழுதப் பழகினனான்.

என்ன, கண்ணாடி பாத்ததை எழுதாமல் விடுவமோ? சீற்றை இழுத்ததையும், தூணையுமோ? யோசிச்சுச் செய்த மாதிரித் தெரியுமோ? ஏன் தம்பி, அதுதானே நடந்தது. பாக்காமல் எடுக்கக் கூடாதெண்டு அவர்தான் சொன்னவர்.