வாசிக்காமல் விட்ட வரி

கோப்பியைக் குடியுங்கோ ஐயா, ஆறப்போகுது. இது கோப்பிக்கொட்டை இல்லை, வறுத்த வாற்கோதுமைதான். போர் முடிஞ்சு ஆறு மாசமாகியும் கோப்பன்ஹேகனுக்கு நல்ல கோப்பி வந்து சேரேல்லை. விசாரிக்கவெண்டு கொழும்பிலயிருந்து இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு இதைத்தான் தரவேண்டிக் கிடக்கு.

ஒளிக்க என்னட்ட ஒண்டுமில்லை. பேர் ஜீவரட்ணம், ஊர் திருகோணமலை, இந்தக் கப்பல் கந்தோரில ஒன்பது வருசமாய்க் கிளாக்கர். சிலோனுக்கு நிலக்கரி கொண்டுபோற கப்பல்கூலியைக் கணக்குப் பாக்கிறது நான்தான். போருக்கு முந்தி இருந்த கூலி கடைசி வருசம் ஆறு மடங்காய்ப் போச்சு. கரி இல்லாட்டி ரயில் இல்லை, ரயில் இல்லாட்டி ஊருக்குள்ள அரிசி இல்லை. அதை ஆராவது யோசிச்சவையோ? நான் யோசிச்சன்.

பதினெட்டாம் ஆண்டு கார்த்திகையில போர் முடிஞ்சுது. கடலுக்குள்ள போட்ட கண்ணிவெடியளுக்கு அதை ஆர் போய்ச் சொல்லுறது? டேனிஷ் மாலுமியள் மூண்டு பங்கு சம்பளம் கேட்டினம். குடுத்தால் கூலி இன்னும் ஏறும், கொழும்பு எங்களோட செய்த கரி ஒப்பந்தத்தைக் கிழிச்செறியும். அந்த நேரம் கப்பலில வேலைசெய்த எங்கட ஊர் ஆக்கள் பதினொரு பேர், போருக்குள்ள அம்பிட்டு, துறைமுகத்தடியில ஒரு அறைக்குள்ள குளிரில கொடுகிக்கொண்டு கிடந்தவை. ஊருக்குப் போகவேணும் எண்ட ஒரே கதை. பழைய சம்பளத்துக்கே வாறம் எண்டினம். நான் ஒருத்தரையும் பிடிச்சு இழுக்கேல்லை.

அவை விரலடையாளம் வைக்கவேண்டிய வேலை ஒப்பந்தம் டேனிஷில. தமிழில வாசிச்சுக் காட்டினது நான். ஊர்க் கோயில்ல பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின்ட பாடுகளை வாசிச்சவனும் நான்தான், அது அவைக்குத் தெரியும். தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, பூசையில நிக்கிறமாதிரியே நிண்டு கேட்டினம். வாசிக்கேக்க நடுவில ஆரும் வாய் திறக்கமாட்டினம். அது எங்கட ஆக்களின்ட பழக்கம், நான் பழக்கினதில்லை. முடிஞ்சாப்பிறகு அவையில ஒருத்தன், தேவராசா மட்டும், "அவ்வளவுதானோ அண்ணை?" எண்டான்.

"ஓம், அவ்வளவுதான். விரலை வை," எண்டன்.

ஒரேயொரு வரிதான் விட்டனான். போற வழியில கண்ணிவெடி இருக்கு, விரும்பாதவன் ஏறத்தேவையில்லை, அவனை வேற கப்பலில ஊருக்கு அனுப்புற செலவு கம்பனிக்கு எண்ட வரி. அதை வாசிச்சிருந்தால் ஒருத்தனும் ஏறியிருக்கமாட்டான்.

கரியேத்த இங்கிலாந்துக்குப் போற வழியில, மூண்டாம் நாள், வடகடலில கப்பல் கண்ணிவெடியில பட்டு வெடிச்சு, கடலுக்கடியில தாண்டுபோச்சு. கப்டனோட சேத்து ஒருத்தரும் மிஞ்சேல்லை. ஆனால் கொழும்பின்ட கரி ஒப்பந்தம் கைவிட்டுப் போகேல்லை. அடுத்த கப்பல் அதே கூலிக்குக் கரியோட கொழும்புக்குப் போய்ச் சேந்துது. நீங்கள் வெளிக்கிட்டு வந்த ரயில் அந்தக் கரியில ஓடினதாயும் இருக்கலாம் ஐயா. என்ர பொக்கற்றுக்குள்ள இதால ஒரு சதமும் வரேல்லை. வேணுமெண்டால் தேடிப் பாருங்கோ.

என்னைக் கொலைகாரன் எண்டு எழுதப்போறியள், எழுதுங்கோ. கண்ணிவெடியை நான் போடேல்லை. எத்தினையோ கப்பல் அந்த வழியால சுகமாய்ப் போய்வந்தது. இதுவும் போகுமெண்டு மனசார நம்பித்தான் அனுப்பினன். ஆண்டவருக்கு முன்னாலயும் இதைத்தான் சொல்லுவன்.

பதினொரு விரலடையாளம் இருக்கு, எங்கட ஆக்களில செத்தது பத்துப்பேர், மற்றவன் எங்கை எண்டு கேக்கிறியள். அது லோரன்ஸ், என்ர தங்கச்சி மேரிசெலினைக் கட்டினவன். கப்பல் வெளிக்கிட்ட அண்டு காலமை, அவனுக்குக் காய்ச்சலெண்டு கப்டனிட்டச் சொல்லி இறக்கினது நான்தான்.

அவனுக்குக் காய்ச்சல் ஒண்டும் இருக்கேல்லை.